புள்ளிக் கணக்கில் வராதவர்களின் பணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்: பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியப்பச்சிமார், அண்ணன்மார், தம்பிமார் அனைவருக்கும், வீட்டுப் பழுதுபார்ப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

நம் பூர்வீக வீட்டைச் செப்பனிடப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வோர் ஆண்மகனின் குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வரி போட்டு வசூலிக்கலாம் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை, அந்த வீட்டில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட எனக்கும் என் அண்ணன் வழியாகக் கிடைத்தது. பல ஆண்டுகளாகத் திருமண வீடுகளில் பேசிக் கலைந்துபோன ஒரு காரியத்தை எழுத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் மனமார்ந்த நன்றி. ஊர்ப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லாமல் இதைத் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று செட்டிநாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிய வீட்டின் முன் இதே கேள்விகளோடு ஒரு குடும்பம் நிற்கிறது. நமக்குச் சொல்வது அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

என் வேண்டுகோள் இதுதான்: வசூலைப் புள்ளிகளோடு நிறுத்தாதீர்கள். அந்த வீட்டில் பிறந்த பெண்மக்கள், அதைக் கட்டிய கொத்தனார், தச்சர்களின் வழிவந்தோர், அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஊரார் ஆகிய எல்லோரிடமும் கேளுங்கள். ஆனால் அப்படிக் கேட்பதற்கு முன்னால், கேட்கும் தகுதியை நமக்குத் தரக்கூடிய பத்திரம் ஒன்றில் பங்குள்ள அனைவரும் கையெழுத்திடுங்கள்.

புள்ளி என்ற கணக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மணமான ஆண்மகனையும் அவன் மனைவியையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, ஒன்பது நகரக் கோயில்களுக்கும் வரி கட்டிவந்த நகரத்தார் சமூகம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகம், நம்முடையது. வாணிபத்தில் கிடைத்ததில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பெரிய கோயில்களின் திருப்பணிகளை முடித்தவர்கள் நம் முன்னோர். காசியில் சத்திரம் நடத்தவும், சிங்கப்பூரில் 1859ஆம் ஆண்டிலேயே தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பவும் அவர்களுக்கு முடிந்ததென்றால், கூடிப் பணம் போட்டு ஒரு பொதுக் காரியத்தை நடத்தும் ஒழுங்கு அவர்களிடம் இருந்ததுதான் காரணம். கோயிலுக்குப் புள்ளி வரி பொருந்துகிறது, ஏனென்றால் கோயிலை யாரும் பாகம் பிரித்துக் கேட்பதில்லை. வீட்டுக்கு அது மட்டும் போதாது. நம் வீட்டில் புள்ளிகள் பெருகப் பெருக ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கி, ஓர் இரட்டை அறையின் கால் பகுதி, அதிலும் பாதி என்று வந்து நிற்கிறது. அவ்வளவு சிறிய பங்குக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று ஹூஸ்டனில் இருக்கும் ஒரு தம்பி கேட்பது நியாயமான கேள்வி. அவரிடம் பங்கின் பெயரால் கேட்டால் பதில் வராது. வீட்டின் பெயரால் கேட்டால் வரும் என்று நான் நம்புகிறேன்.

அந்த வீடு எதனால் ஆனது என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக, தலைவாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை பார்வை ஓடும்படி நேர்கோட்டில் அமைத்திருக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும், இத்தாலியச் சலவைக்கல்லும், ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றிக் கையால் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கிய தரைக்கற்களும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருக்கின்றன. வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றி அமைந்த உள்வீட்டின், நான்கு புறத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, பெய்யும் மழையை உள்ளே வாங்கி அண்டாக்களை நிறைத்த பிறகே மிச்சத்தை வெளியே விடும். வறண்ட இந்தச் சீமையில் நீரைப் பற்றிய அந்தக் கவனம், எந்தச் சலவைக்கல்லையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தச் செல்வம் வந்த வழியையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் விளைநிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலங்கள் கைமாறியதால் 1937க்குள் அது நான்கில் ஒரு பங்காயிற்று. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். விடுதலைக்குப் பின் அந்த நாடு நிலங்களைத் தேசியமயமாக்கியது. நம் வீடுகளைப் பராமரித்த வருமானம் நின்றுபோனது அப்போதுதான். வீட்டைப் பொதுமக்கள் பார்க்கத் திறக்கும் நாள் வந்தால், முகப்பில் வைக்கும் குறிப்பில் இந்த முழு வரலாறும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் குழுவோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. சுற்றறிக்கையில் முகப்புக்கு வண்ணம் அடிப்பதும் மின்வயர் மாற்றுவதும் முன்னால் வருகின்றன. ஓட்டு வேலை பின்னால் வருகிறது. வளவின் வடமேற்கு மூலையில் இரண்டு சரிவுகளும் சேரும் கூடல்வாயை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். அங்கே தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. அதன் இருபுறமும் நாட்டு ஓடுகள் நழுவிக் கிடக்கின்றன. ஓடுகளுக்கு இடையில் சேர்ந்த மண்ணில் ஓர் அரசங்கன்று வேர் பிடித்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் கூரையைத் தாங்கும் தேக்குக் கைமரத்தின் நுனியை நனைக்கிறது. தேக்கு தாங்கும், அதன் மேல் அடித்த நாட்டுமரச் சட்டங்கள் தாங்குவதில்லை. ஈரம் கண்ட சட்டத்தில் கரையான் ஏறுகிறது, சட்டம் தளர்ந்ததும் ஓடு இன்னும் நழுவுகிறது, அடுத்த மழையில் சுவரின் தலையிலிருந்து தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணாடிபோல் பளபளத்த பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. கீழே நின்று பார்க்கிறவர்களுக்குப் பூச்சு உதிர்வது மட்டுமே தெரியும். ஆகவே பழுதுபார்ப்பு வேலைக்கென வரும் பணம் முதலில் கூரைக்கே போக வேண்டும். கூரை முடியாமல் சுவரைத் தொடக்கூடாது. சுவர் உலராமல் வண்ணத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

சுவரைத் தொடும்போது சிமெண்டை உள்ளே விடாதீர்கள் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாங்கட்டில் ஒரு புள்ளியார் நல்லெண்ணத்தோடு தம் அறைக்குச் சிமெண்ட் பூசினார். இன்று அந்த அறையின் சுவரில்தான் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கிடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தேங்கி, போக்கிடம் தேடி மேலே ஏறி, கொண்டுவந்த உப்பைச் செங்கல்லில் விட்டுச் செல்கிறது. சுண்ணாம்பை நீர்த்து, நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்து, கடைசி மெருகுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்க்கும் அந்தப் பூச்சு செலவு மிகுந்தது, நாள் பிடிப்பது என்பது உண்மைதான். ஆனால் நம் அப்பத்தாமார் காலத்தில் பூசிய சுவர்கள், கூரை ஒழுகாத இடங்களிலெல்லாம் இன்றும் முகம் பார்க்கும்படி இருக்கின்றன. அந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். நம் வேலையில் இரண்டு இளைஞர்களையாவது அவர்களுக்குக் கையாளாக வைத்து, அவர்களின் கூலியையும் மதிப்பீட்டில் சேர்த்துவிட்டால், அடுத்த வீட்டுக்கு ஆள் கிடைக்கும்.

மொத்தத் தொகை எவ்வளவு என்று இப்போதே அறிவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓடுகளை இறக்கிச் சட்டங்களைக் கண்ணால் பார்க்காமல் சொல்லப்படும் எந்தத் தொகையும் ஊகமாகவே இருக்கும். பின்னால் அது இரட்டிப்பானால் கொடுத்தவர்களின் நம்பிக்கை போய்விடும். பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளர் ஒருவரைக் கொண்டு அளந்து வரைபடம் எடுப்பதற்கும், கூரையைத் திறந்து பார்ப்பதற்கும் மட்டும் முதலில் ஒரு சிறு வசூல் போதும். அந்த அறிக்கையின் படி எல்லோர் கைக்கும் போன பிறகு பெரிய வசூலைத் தொடங்கலாம்.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். ஊரார் பணத்தையும் வெளியார் பணத்தையும் வாங்கி வீட்டைப் புதுப்பித்துவிட்டு, நான்கு ஆண்டுகளில் ஒரு பங்காளி பாக வழக்குப் போட, வீடு விலைக்குப் போய், தூண்கள் ஒரு லாரியிலும் நிலைக்கதவுகள் ஒரு லாரியிலும் ஏறிப்போனால், பணம் கொடுத்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? இது வெறும் கற்பனைப் பயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் கஜலட்சுமி செதுக்கிய நிலைகள் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தலைவாசலில் நின்றவைதான். வீட்டை விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்களில் பலர். அப்படிப்பட்ட நெருக்கடி நம் பங்காளி ஒருவருக்கு வந்தால், அவருடைய பங்கை நியாய விலைக்கு மற்றவர்கள் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடும் அந்தப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.

உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பங்குள்ள அனைவரும் சேர்ந்து ஒரு பொது அறக்கட்டளையைப் பதிவு செய்து, வீட்டை அதற்கு 30 ஆண்டு குத்தகைக்குப் பதிவுப் பத்திரத்தின் மூலம் விட்டால் போதும். வீடு நம்முடையதாகவே இருக்கும். ஆனால் அந்தக் காலம் முழுவதும் அதை இடிக்கவோ தூணைப் பெயர்க்கவோ தனி ஒருவரால் முடியாது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும், திருமணங்களுக்கும், படைப்புக்குரிய பொருள்கள் வைத்த பேழை இருக்கும் அறைக்கும் உரிய உரிமைகளை நமக்கென்று ஒதுக்கி எழுதிக்கொள்ளலாம். தகுந்த வழக்கறிஞரிடம் ஒவ்வொரு வரியையும் காட்டிய பிறகு கையெழுத்திடுவோம்.

அப்படி எழுதும்போது, பங்குள்ளவர் யார் என்ற கேள்வி எழும். புள்ளி ஏட்டில் பெண்மக்களின் பெயர் கிடையாது. சட்டத்தில் உண்டு. 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை தந்தது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்த ஆண்டில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே எங்கள் கையெழுத்து இல்லாத குத்தகைப் பத்திரம் பிற்பாடு கேள்விக்கு உள்ளாகலாம். நான் பாகம் கேட்டு இதை எழுதவில்லை. சீரும் முறையும் குறைவில்லாமல் செய்து அனுப்பிய வீடு அது. கையெழுத்துக்கு மட்டும் எங்களைத் தேடி வந்து, வசூலுக்கும் குழுவுக்கும் தேடி வராமல் இருந்துவிடாதீர்கள் என்பதே என் மன்றாட்டு. நம் வீட்டில் பிறந்த பெண்களில் மருத்துவர்களும் தணிக்கையாளர்களும் கட்டடக் கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பெயரில் நன்கொடைப் பட்டியல் ஒன்றைத் திறந்தால், அது புள்ளிப் பட்டியலுக்குக் குறைவாக இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். குழுவில் இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊராரிடம் கேட்பது பற்றிச் சிலருக்குத் தயக்கம் இருப்பதை அறிவேன். நம் வீட்டுக்கு அடுத்தவரிடம் கையேந்துவதா என்று ஒரு பெரியப்பச்சி கேட்டதாக அண்ணன் சொன்னார். அவருடைய மான உணர்வை மதிக்கிறேன். ஆனால் கொடுப்பவருக்கும் அந்த வீட்டில் இடம் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டால் அது கையேந்துதல் ஆகாது. முகப்புத் திண்ணையையும் அதை ஒட்டிய பட்டாலை என்னும் கூடத்தையும் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகள் படிக்க விடலாம். ஒரு சிறு நூலகம் வைக்கலாம். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவர்களும் பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களும் தங்கள் வேலையைக் காட்டவும் விற்கவும் மாதத்தில் சில நாள் தரலாம். வளவும் உள்கட்டுகளும் குடும்பத்துக்கே இருக்கட்டும். இதை வாக்குறுதியாக மேடையில் சொல்லாமல், குத்தகைப் பத்திரத்தின் ஒரு பிரிவாகவே எழுத வேண்டும். வருமான வரிச் சட்டமும் இதையே கேட்கிறது. ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ சமூகத்துக்கோ மட்டும் பயன்படும் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைப்பதில்லை.

அந்த வீட்டில் இப்போது விளக்கேற்றுவதும், மழை இரவுகளில் அண்டாவையும் வாளியையும் ஒழுகும் இடங்களில் மாற்றி மாற்றி வைப்பதும் காவல் இருக்கும் குடும்பம்தான். எந்த ஓடு எந்த மழையில் நழுவியது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு நம்மில் யாருக்கும் தெரியாது. பொறியாளர் வரும் நாளில் அந்த அம்மாவும் கூடவே இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக உயராத அந்தக் குடும்பத்தின் சம்பளத்தைச் சீர்செய்வதை மதிப்பீட்டின் முதல் வரியாகப் போடுங்கள். பழுதுபார்த்த வீடு மறுபடி பாழாகாமல் இருப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் ஓடு மாற்றிக் கூடல்வாயைத் துப்புரவு செய்ய ஒரு நிரந்தர வைப்புநிதி இல்லாவிட்டால், இருபது ஆண்டுகளில் நம் பிள்ளைகள் இதே சுற்றறிக்கையை எழுத நேரும்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பணம் வாங்குவதில் ஒரு கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள், நம் இரத்த உறவாகவே இருந்தாலும், அறக்கட்டளைக்குக் கொடுப்பது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடையாகும். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பரந்திருக்கும் நம் குடும்பத்தில் இது பலரைத் தொடும். அவசரத்தில் ஓர் அண்ணன் தம் சொந்தக் கணக்கில் எல்லோருடைய பணத்தையும் வாங்கி வைத்துப் பிறகு அவதிப்பட வேண்டாம்.

கணக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கடையின் பெட்டியடியில் உட்கார்ந்து குறிப்பேடும் பேரேடும் எழுதிப் பழகி, ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்பிய ஐயாக்களின் பிள்ளைகள் நாம். அதே ஒழுங்கில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவையும் செலவையும் எழுதி, பணம் கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்புங்கள். ஒரு படியை வீட்டு முகப்பிலும் ஒட்டுங்கள். ஐந்நூறு ரூபாய் கொடுத்த தெருக்காரருக்கும் அதைப் படிக்கும் உரிமை உண்டு.

அரசோ யுனெஸ்கோவோ பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கலாம் என்ற பேச்சும் நடுவில் வந்ததாகக் கேள்விப்பட்டேன். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் உத்தேசப் பட்டியலில் இருப்பதால் எந்த வீட்டுக்கும் ஓடு வாங்கப் பணம் வருவதில்லை. தனியார் வீட்டைப் பழுதுபார்ப்பது உடையவர்களின் பொறுப்பு. சில வீடுகளை அவற்றின் உரிமையாளர்கள் விடுதிகளாக மாற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் வீடும் ஒருநாள் அப்படி ஆகலாம். அதற்கும் கூரை வேண்டும்.

வரும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வருவோம். அன்று மதியம் இலை எடுத்த பிறகு, வளவில் உட்கார்ந்து இந்த ஒரு பொருளை மட்டும் பேச நேரம் ஒதுக்குங்கள். அதற்குள் குத்தகைப் பத்திரத்தின் வரைவை அனைவருக்கும், பெண்மக்களின் வீடுகளுக்கும் சேர்த்து அனுப்பிவையுங்கள். அளவை வேலைக்கான என் பங்கை அன்றே தருகிறேன். என்னோடு பிறந்த பெண்களிடமும் பேசிவருகிறேன். தை பிறந்ததும் ஓடுகளை இறக்கினால் ஐப்பசி மழைக்கு முன் கூரையை மூடிவிட முடியும். ஆடிக்கு மேல் தொடங்கினால் முடியாது. அந்த வடமேற்கு மூலை இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது என்று காவல்கார அம்மா சொல்கிறார். எனவே பத்திரம் மார்கழிக்குள் பதிவாக வேண்டும்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் பிறந்த ஒரு பெண்